பின்வாசல் வழியாக வந்த பழைய விருந்தாளி

“வலது பக்கம் திரும்பணும் சார். ஓட்டல் வாசல் அங்கதான் இருக்கு” என்றார் டாக்ஸி டிரைவர்.

“இடது பக்கம் போங்க” என்றார் மெஷின்காரர்.

“சார், வாசல்…”

“தம்பி, இந்த ஊர்ல எவ்வளவு நாளா வண்டி ஓட்டறீங்க?”

“ஒரு நாலஞ்சு வருஷமா சார்.”

“நான் இந்த ஓட்டல்ல தங்க ஆரம்பிச்சப்போ நீங்க பிறந்திருக்கவே மாட்டீங்க. இடது பக்கம் போங்க.”

பின் இருக்கையில் அவர் மனைவி பெருமையாகச் சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். துறைதான் அவரை விட்டதே தவிர, அவர் தணிக்கையை விடவில்லை. தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தால்கூட, முதலில் குழம்புக் கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்.

மெஷின்காரருக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. தையல் மெஷின் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, பல வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வேலையை விட்டவர். வேலையில் இருந்தபோது மாதம் ஒருமுறை தலைமை அலுவலகத்துக்காக இந்த நகரத்துக்கு வந்து தங்கிப் போவார். கல்யாணமான புதிதில், விருந்துக்குப் போன இடத்தில், மைத்துனர் சாப்பாட்டின் நடுவே கேட்டார்: “ஆமா மாப்பிள்ளை, கம்பெனி உங்களை எங்க தங்க வெக்குது? பிளாட்பாரத்துலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். புது மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலை குனிந்ததைப் பார்த்ததும் மெஷின்காரர் வாயிலிருந்து, நகரத்திலேயே பெரிய, பழைய, ராஜாக்கள் இறங்குகிற அந்த ஓட்டலின் பெயர் தானாக வந்து விழுந்துவிட்டது. குனிந்த தலை நிமிர்ந்தது. நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான்; நாற்பது வருஷமாகக் குனியவே இல்லை.

உண்மையில் அவர் தங்கியது அந்த ஓட்டலுக்குப் பின்னால் இருந்த லாட்ஜில். அங்கே அறையின் ஜன்னலைத் திறந்தால் ஓட்டலின் மதில் தெரியும், மதிலின் நடுவில் பெரிய இரும்புக் கேட்டும் இரண்டு தூண்களும் தெரியும். அதைப் பார்த்தே வர்ணித்து வர்ணித்து, பளிங்குப் படி, பித்தளை லிஃப்ட், குழாயைத் திருகினால் வெந்நீர் என்று மனைவிக்கு ஒரு முழு ஓட்டலையே கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாண நாளுக்கு மகள் அந்த ஓட்டலிலேயே அறை எடுத்துக் கொடுப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. “நானும் வரேன், என் செலவுல” என்று மைத்துனர் பெட்டியோடு கிளம்புவார் என்பதை யாருமே எதிர்பார்க்கவில்லை.

வண்டி இடது பக்கம் திரும்பி இரும்புக் கேட்டின் முன்னால் நின்றது. லாட்ஜ் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நின்றுகொண்டிருந்தன. மெஷின்காரருக்கு மூச்சு சீராக வந்தது. சாட்சி ஒழிந்தது.

கேட்டில் ஒரு காவலாளி நின்றிருந்தார்; வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு தள்ளுவண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“இதுவா வாசல்?” என்றார் மைத்துனர்.

மெஷின்காரர் தள்ளுவண்டியைப் பார்த்தார். அத்தனை வருஷமாகத் தான் பார்த்தது ஓட்டலின் முதுகு என்று அந்த நிமிஷம்தான் அவருக்குத் தெரிந்தது.

“முன்வாசல் வழியா புது ஆளுங்க போவாங்க மச்சான்” என்றார். “பழக்கமானவங்க இப்படித்தான்.”

“வெங்காயத்தோடயா?”

“வீட்டு மனுஷங்க மாதிரி.”

மனைவி புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தள்ளுவண்டிக்குப் பின்னால் ராணி மாதிரி நடந்தாள். மதிலைத் தாண்டியதும் சமையலறை வந்தது. ஆவியும், பாத்திரச் சத்தமும், வெள்ளைத் தொப்பிக்காரர்களும். மூன்று பேர் பெட்டிகளோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்து ஒருத்தர் கையிலிருந்த மீனைக் கீழே போட்டார்.

அந்த ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு. விருந்தாளியிடம் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். சமைக்கக் கற்றுக்கொடுப்பதெல்லாம் அப்புறம். தலைமைச் சமையல்காரர் வயிற்றை உள்ளே இழுத்து நிமிர்ந்து நின்றார்.

“வாங்க சார். வாங்கம்மா. வழி தெரிஞ்சு வந்தீங்களா?”

“தெரியாம என்ன?” என்றார் மெஷின்காரர். “எப்பவும் வர்ற வழிதானே?”

“ஆமா சார். எப்பவும் வர்ற வழிதான் சார்” என்றார் தலைமைச் சமையல்காரர், சட்டப்படி.

மனைவி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு மெடல் குத்தியிருக்கலாம்.

அவர்கள் வரவேற்பு மேஜைக்கு வந்து சேர்வதற்குள் சமையலறையிலிருந்து தொலைபேசி வந்து சேர்ந்துவிட்டது. சமையலறை வழியாக உள்ளே வரும் அளவுக்குப் பழைய விருந்தாளி ஒருத்தர் வந்திருக்கிறார் என்ற செய்தியோடு வரவேற்புப் பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“திரும்பவும் வந்ததுல ரொம்ப சந்தோஷம் சார்.”

“பார்த்தீங்களாண்ணே” என்றாள் மனைவி.

“ஏம்மா, இவர் முன்னால எந்த ரூம்ல தங்குவாரு?” என்றார் மைத்துனர்.

அந்தப் பெண்ணால் ‘தெரியவில்லை’ என்றும் சொல்ல முடியாது. “சார் வாயாலேயே கேட்டா எங்களுக்குப் பெருமையா இருக்கும் சார்” என்றாள்.

எல்லோரும் மெஷின்காரரைப் பார்த்தார்கள். பொய் சொல்லும்போதுகூட எண்களில் நேர்மையாக இருப்பது விற்பனைக்காரர்களின் பழக்கம். லாட்ஜில் தான் தங்கிய அறையின் எண் எதுவோ, அதையே சொன்னார்.

“பதினேழு.”

வரவேற்புப் பெண்ணின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

“பதினேழா சார்?”

“ஏன், அந்த ரூம் இல்லையா?”

“இருக்கு சார்” என்றாள் அவள். குரல் பாதியாகிவிட்டது. “ஒரே ஒரு நிமிஷம் சார்.”

அவள் ஓடினாள். திரும்பி வந்தபோது மேனேஜரும் ஓடி வந்தார். கழுத்துப் பட்டையை ஓடிக்கொண்டே சரிசெய்யத் தெரிந்த மனிதர்.

“பதினேழாம் நம்பர்ல தங்கினவரா சார் நீங்க? அது மகாராஜாக்கள் இறங்கற அறை சார்! வேற யாருக்கும் அதைத் திறந்ததே கிடையாது. அப்போ நீங்க…” என்று கேள்வியை முடிக்காமல் வணக்கத்தில் முடித்தார்.

“கம்பெனி ஏற்பாடு” என்றார் மெஷின்காரர்.

“எப்பேர்ப்பட்ட கம்பெனி சார்!” என்றார் மேனேஜர். “உங்களுக்குச் சாதாரண அறை போட்டிருக்காங்க. மன்னிக்கணும். பதினேழைத் திறந்துவிடறோம். மரியாதை நிமித்தமா.”

“வேண்டாங்க. எதுக்கு சிரமம்?” என்று மெஷின்காரர் மனசார மறுத்தார். அவர் அன்றைக்குப் பேசியதில் கலப்படமில்லாத வாக்கியம் அது ஒன்றுதான். அதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினேழாம் எண் அறை ஒரு சின்னக் கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. போகிற வழியெல்லாம் சுவரில் பித்தளைத் தகடுகள். ‘இந்தச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஒரு மகாராணி இரண்டு நாள் அழுதார்’, ‘இந்தத் தூணைச் சுற்றி ஒரு தளபதி தன் கடன்காரரிடமிருந்து தப்பினார்’ என்று ஒவ்வொன்றிலும் ஒரு சங்கதி.

“இதெல்லாம் யார் சொன்னது?” என்றார் மைத்துனர்.

“எங்க பெரியவர் சார்” என்றார் மேனேஜர். “இந்த ஓட்டல் நடுவுல ரொம்ப வருஷம் பூட்டிக் கிடந்தது. புது முதலாளி வாங்கித் திறந்தப்போ பழைய ஆளுங்கள்ல அவர் ஒருத்தர்தான் கிடைச்சார். பித்தளைப் பட்டன் வெச்ச பழைய கோட்டோட தானே தேடி வந்தார். இந்த ஓட்டலோட ஞாபகமே அவர்தான் சார்.”

அறைக்குள் நுழைந்ததும் மைத்துனர் தணிக்கையைத் தொடங்கினார். ஒரே மாதிரி நான்கு கதவுகள் இருந்தன.

“மாப்பிள்ளை, பாத்ரூம் எது?”

மெஷின்காரர் தயங்கினால் தீர்ந்தது. நேராகப் போய் முதல் கதவைத் திறந்து, “இதோ” என்று சொல்லிக்கொண்டே உள்ளேயும் போய்விட்டார். போன பிறகுதான் அது துணி அலமாரி என்று தெரிந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே இருட்டு. பூச்சி உருண்டை வாசனை. கொஞ்ச நேரம் அங்கேயே குடியிருந்துவிடலாமா என்று யோசித்தார்.

வெளியே கதவு தட்டப்பட்டது. “மாப்பிள்ளை, உள்ள என்ன பண்றீங்க?”

கையில் ஒரு ஹேங்கரோடு வெளியே வந்தார். “ஹேங்கரையெல்லாம் மாத்திட்டாங்க மச்சான். முன்னால இருந்தது தேக்கு.”

“பாத்ரூம்ல எதுக்கு ஹேங்கர்?”

“முதல்ல இங்க சட்டையை மாட்டிட்டுத்தான் அங்க போகணும். இந்த ஓட்டல்ல அதுதான் முறை.”

மைத்துனர் மற்ற மூன்று கதவுகளையும் தானே திறந்து பார்த்துக்கொண்டார்.

“என்னங்க, வெயில் கண்ணைக் கூசுது” என்றாள் மனைவி ஜன்னலோரத்திலிருந்து.

“திரையை இழுத்துட்டா போச்சு.” கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பட்டுக் கயிற்றை மெஷின்காரர் நம்பிக்கையோடு இழுத்தார். திரை அசையவில்லை. பழைய கயிறு, பலமாக இழுக்க வேண்டும் என்று பலமாக இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார்.

அது பணியாளர்களைக் கூப்பிடும் கயிறு. மணி அடிக்கும் இடம் கீழ்த்தளம் என்பதால் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. முதல் இழுப்புக்கு ஒரு பணியாளர் வந்து நின்றார். அடுத்ததற்கு இன்னொருவர். இரண்டு கை இழுப்புக்கு, மாடிப்படி வழியாக ஒரு படையே வந்து வரிசையாக நின்றது. கடைசியாக வந்தவர் கையில் தீயணைக்கும் வாளி இருந்தது.

“எதுக்கு மாப்பிள்ளை இத்தனை பேர்?” என்றார் மைத்துனர்.

மெஷின்காரர் வரிசையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

“எல்லாரையும் ஒருதரம் பார்க்கணும்னு தோணுச்சு” என்றார்.

சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, “எப்படிப்பா இருக்கே? உடம்பெல்லாம் சௌக்கியமா?” என்று விசாரித்துக்கொண்டே போனார். எல்லோரும், “உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம் சார்” என்றார்கள். வாளிக்காரர் மட்டும் கொஞ்சம் வயதானவர். அவரிடம் புதிதாக ஏதாவது கேட்போமே என்று, “அப்பா எப்படி இருக்கார்?” என்று கேட்டுவிட்டார்.

வாளிக்காரர் முகம் மாறியது. “அப்பா போன வருஷம் தவறிட்டாருங்க.”

“அடடா” என்றார் மெஷின்காரர். நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. “எப்பேர்ப்பட்ட மனுஷன்!”

வாளிக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அவரைத் தேற்ற மனைவியும் போய், அவளும் கொஞ்சம் அழுதாள். ‘நாற்பது வருஷம் கழிச்சும் நம்ம அப்பனை ஞாபகம் வெச்சிருக்கார்’ என்ற சேதி அரை மணி நேரத்தில் சலவைக்கூடம் வரைக்கும் போய்விட்டது. வாளிக்காரரின் அப்பா பக்கத்து ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர் என்பது யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை, வாளிக்காரருக்கே தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“சார், எங்க ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து உங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும்னு ஆசைப்படறாங்க. சாயந்திரம் வராந்தாவுல டீ. மத்த விருந்தாளிங்களும் வருவாங்க. எங்க பெரியவருக்கு இன்னிக்கு ஓய்வு நாள். உங்களுக்காகவே ஆள் அனுப்பியிருக்கோம். அவரே உங்களைப் பத்தி நாலு வார்த்தை பேசுவார்.”

“அவருக்கு என்னை ஞாபகம் இருக்குமோ என்னமோ. வயசானவர்…”

“அவருக்கா? ஒரு முகத்தைப் பார்த்தா மறக்கவே மாட்டார் சார். போன மாசம் ஒருத்தர், ‘எங்க தாத்தா இங்க தங்கியிருக்கார்’னு போட்டோவோட வந்தார். பெரியவர் ஒரு பார்வை பார்த்தார். தலையை இப்படிப் பக்கவாட்டுல ஆட்டினார். அவ்வளவுதான். வந்தவர் டீயைக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டார்.”

மைத்துனரின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. “அவர் கண்டிப்பா வரட்டும். நான் முன்வரிசையில உக்காரறேன்” என்றார்.

மேனேஜரும் மைத்துனரும் போன பிறகு மனைவி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டாள்.

“என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா? அண்ணன் வீட்டுல எல்லாரும் கார் வாங்கினாங்க, மாடி கட்டினாங்க. எனக்கு அங்க போனா பேச ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ‘எங்க வீட்டுக்காரரை அந்த ஓட்டல்ல தங்க வெக்கறாங்க’ன்னு சொல்லுவேன். அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.” சீப்பிலிருந்து முடியை எடுத்துச் சுருட்டினாள். “அண்ணன் மட்டும் நம்பினதே இல்லை. இன்னிக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கணும்.”

மெஷின்காரர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். தான் அவமானப்பட்டால் ஒரு வாரம் வாசல் பக்கம் போகாமல் இருந்து சமாளித்துவிடலாம். இவள் தலை குனிந்தால் எப்படிப் பார்ப்பது?

உடனே ஒரு காரியம் செய்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

“அய்யோ, என்னங்க ஆச்சு?”

“வயித்து வலி. தாங்கலை. சாயந்திரம் என்னால எங்கயும் நகர முடியாது. மேனேஜர்கிட்ட சொல்லிடு.”

சொன்னாள். ஓட்டல் டாக்டர் வந்தார். வயிற்றை எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தார். விருந்தாளியிடம் ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று அவராலும் சொல்ல முடியாதே. “வலி ரொம்ப நல்ல நிலைமையில இருக்கு சார். அசையாம படுத்துக்கங்க” என்றார்.

“அப்போ விழா?” என்றார் மெஷின்காரர் மெல்லிய குரலில்.

“நீங்க அசையவே வேண்டாம் சார்” என்றார் மேனேஜர். “நாங்க எல்லாரும் இங்கயே வந்துடறோம்.”

சாயந்திரம் பதினேழாம் எண் அறை நிரம்பி வழிந்தது. வராந்தாவில் என்றால் மூலையில் ஒதுங்கவாவது இடம் இருந்திருக்கும். இங்கே தலையணைகளைச் சுற்றி அடுக்கி, மெஷின்காரரைக் கட்டிலின் நடுவில் கண்காட்சிச் சாமான் மாதிரி உட்காரவைத்திருந்தார்கள். கையில் பூங்கொத்து. முன்வரிசையில் மைத்துனர், கையைக் கட்டிக்கொண்டு. அவர் பக்கத்தில் மனைவி. அவள் கட்டியிருந்தது மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவை.

கதவு திறந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது.

பெரியவர் வந்தார். கழுத்துவரை பித்தளைப் பட்டன் போட்ட கோட்டு. புருவம்கூட நரைத்திருந்தது. யாரோ கொடுத்த டீக்கோப்பை அவர் கையில் தட்டோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. வயதுதான் காரணம் என்று ஒரு பெண் ஓடிப்போய் வாங்கி வைத்தாள். அவர் கட்டிலின் அருகில் வந்து நின்று, மெஷின்காரர் முகத்தைப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

மெஷின்காரர் பூங்கொத்தை முகத்துக்கு நேராக உயர்த்திப் பார்த்தார். மேனேஜர் பணிவோடு அதை வாங்கிக்கொண்டார்.

“ஐயா” என்றார் மைத்துனர், “இவரைத் தெரியுதா? தெரியலைன்னா தைரியமா சொல்லுங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“தெரியுமாவா?” என்றார் பெரியவர். “இவரை மறந்துட்டா நான் இந்த ஓட்டல்ல என்னத்துக்கு?”

கூட்டம் மூச்சு விட்டது. மெஷின்காரருக்கு மட்டும் மூச்சு வரவில்லை. காலையிலிருந்து இந்த ஓட்டலில் யாருமே ‘இல்லை’ என்று சொல்லிக் கேட்காதவர், அந்த வழக்கம் இந்த மனிதர்வரைக்கும் செல்லும் என்று நினைத்தே பார்க்கவில்லை.

மைத்துனர் விடுவாரா? “தெரியும்னு யாரும் சொல்லலாம். ஏதாவது ஒரு விஷயம் சொல்லுங்க. நடந்த விஷயம்.”

பெரியவர் கண்ணை மூடினார். பித்தளைப் பட்டனில் ஒன்றைத் தடவினார்.

“ஒரு தடவை ஒரு மகாராணி இறங்கியிருந்தாங்க. பெரிய விருந்து. கீழ இறங்கி வர்ற நேரத்துல அவங்க உடுப்பு படிக்கட்டுக் கம்பியில மாட்டி, இங்கேருந்து இதுவரைக்கும் கிழிஞ்சு போச்சு. தையல்காரனைத் தேடி ஆள் ஓடுது. அம்மா கண் கலங்கி நிக்கறாங்க. இவர் அறையிலேர்ந்து எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசலை. பெட்டியைத் திறந்தார். சாம்பிளுக்கு வெச்சிருந்த தையல் மெஷினை எடுத்துப் படிக்கட்டுலயே வெச்சார். கைப்பிடியை நான் சுத்தினேன், இவர் தைச்சார். எங்க கிழிஞ்சதுன்னு மகாராணியாலேயே கண்டுபிடிக்க முடியலை. மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்தாங்க. வாங்க மாட்டேன்னுட்டார்.”

அறை கைதட்டியது. மெஷின்காரரும் தன்னை மறந்து தட்டினார். மோதிரத்தை மறுத்த அந்த ஆளை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மைத்துனர் மட்டும் எழுந்து நின்றார். கை தட்டவில்லை.

“மேனேஜர், இவர் என்ன கம்பெனின்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுக்க ஆசையா இருக்கோம் சார்” என்றார் மேனேஜர். தெரியாது என்பதற்கு அந்த ஓட்டலில் அப்படித்தான் சொல்வார்கள்.

“நீ யார்கிட்டயாவது சொன்னியாம்மா?”

“இல்லண்ணே. சத்தியமா யார்கிட்டயும் சொல்லலை.”

மைத்துனர் சுற்றிலும் பார்த்தார். காலையிலிருந்து கூடவே இருந்தவர் அவர். தையல் மெஷின் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்த மனிதர், இந்தக் கணக்கு இடிக்கிறதா என்று மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தார். இடிக்கவில்லை. கட்டிலருகே வந்து மெஷின்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை, இத்தனை வருஷமா உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க.”

“விடுங்க மச்சான்” என்றார் மெஷின்காரர் பெருந்தன்மையாக. தையல் மெஷின் விஷயம் பெரியவருக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு, மனைவி சொல்லாவிட்டால் மகள் அறை எடுக்கும்போது போனில் சொல்லியிருப்பாள் என்று தனக்குள்ளேயே முடிவுகட்டிக்கொண்டார்.

மனைவி அண்ணன் முகத்தைக் கண் நிறையப் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு இரக்கப்பட்டு, ஒரு துண்டு கேக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இதையும் ஒரு தகட்டுல பொறிச்சுப் படிக்கட்டுல மாட்டணும்” என்றார் மேனேஜர்.

“வாசகத்தை நான் சொல்றேன். விவரம் தப்பா வந்துடக்கூடாது” என்றார் மைத்துனர், கேக்கை மென்றுகொண்டே.

வயிற்று வலி பறந்துவிட்டது. மெஷின்காரர் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினார். “நல்ல டாக்டர்” என்றாள் மனைவி. கூட்டம் டீயைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பெரியவர் சத்தமில்லாமல் வெளியே நழுவுவதை மெஷின்காரர் கவனித்தார். பின்னாலேயே ஓடினார். தாழ்வாரத்தின் கோடியில், பித்தளை லிஃப்டின் முன்னால் அவரைப் பிடித்தார். யாரும் இல்லை. சட்டென்று குனிந்து அவர் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஐயா, என் வீட்டுக்காரி மானத்தைக் காப்பாத்தினீங்க. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். நான் இந்த ஓட்டல்ல இன்னிக்குத்தான் முதல்முதலா கால் வெக்கறேன். ஊர் பேர் தெரியாத எனக்காக, இவ்வளவு பேர் முன்னால இப்படி ஒரு பொய் சொல்லணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து?”

பெரியவர் தாழ்வாரத்தின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், லிஃப்டின் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றுகொண்டு, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“மெதுவா பேசுங்க சார், பின்பக்க லாட்ஜுல தினம் உங்க ரூம் வாசல்ல வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வெச்சவனே நான்தான், நீங்க எங்க என்னை அடையாளம் கண்டு சொல்லிடுவீங்களோன்னு உங்க முகத்தைப் பார்த்ததுலேர்ந்து எனக்குப் பச்சைத் தண்ணி இறங்கலை.”